மகன் பெயரில் யாரோ கார் கடன் வாங்கிவிட்டார்கள்!

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அங்கே ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் அடையாள எண்) வைத்து, வேறு மாநிலத்தில் யாரோ கார் கடன் வாங்கியிருக்கிறார்கள். போலீஸில் கேட்டால், 'கடன் வாங்கிய ஊரில் போய்ப் புகார் கொடு' என்று அனுப்பிவிட்டார்களாம். பிள்ளைக்குத் தூக்கமே இல்லை. சட்டத்தில் தண்டனையைக் கூட்டினால்தானே இவர்கள் அடங்குவார்கள்?
- ஒரு வாசகி

பதில்: முதலில் புகாரைப் பார்ப்போம் அம்மா. போலீஸ் அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. கடன் எங்கே வாங்கப்பட்டிருந்தாலும் சரி, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர்ப் போலீஸ்தான் புகாரைப் பதிந்து நகலும் தர வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா குற்றவியல் சட்டத்தின் 530.6-வது பிரிவு. அந்தப் பிரிவின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போகச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்ததும், அடையாளச் சான்று, 'இது என் கடன் இல்லை' என்ற கடிதம் இரண்டையும் சேர்த்து ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற, அவரவர் கடன் விவரத்தை அறிக்கையாக வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பட்டும். 4 வேலை நாளுக்குள் அந்தக் கடன் அவர் அறிக்கையில் தெரியாதபடி அவர்கள் தடுத்தாக வேண்டும், இது நாடு முழுவதற்குமான ஃபெடரல் சட்டம்.

சரி, தண்டனை. அரிசோனா மாநிலம் 1996-லேயே இந்த அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கிவிட்டது. 2004-ல் வந்த ஃபெடரல் சட்டம் சில பெருங்குற்றங்களோடு இதையும் செய்தால் கூடுதலாக 2 வருடச் சிறை என்றது. அப்படியும் திருட்டு நிற்கவில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாதவனுக்கு 5 வருடம் என்றால் என்ன, 10 வருடம் என்றால் என்ன?

எனக்கு நம்பிக்கை தருவது கிரெடிட் ஃப்ரீஸ் என்கிற பூட்டுதான். கடன் கொடுப்பவர் அந்த மூன்று நிறுவனங்களிடம் அறிக்கை கேட்பார், பூட்டியிருந்தால் அறிக்கை போகாது, அறிக்கை இல்லாமல் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். நமக்கே கடன் தேவைப்பட்டால் ஆன்லைனில் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இதற்குக் காசும் கிடையாது. அப்படியானால் எல்லோருக்கும் முதலிலிருந்தே ஏன் பூட்டி வைக்கக் கூடாது? 2017-ல் ஈக்விஃபாக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் களவுபோனபோது, ஒரு தப்பும் செய்யாத அந்த ஜனங்கள்தான் ஓடி ஓடிப் பூட்ட வேண்டியிருந்தது. பூட்டைப் பற்றிய விதியை இப்போது வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசுதான் மாற்ற முடியும். மாநிலங்கள் செய்ய வேண்டியது, புகாரைத் தட்டிக்கழிக்கும் போலீஸைக் கேள்வி கேட்க ஆள் வைப்பது.

அப்புறம், மகனுக்குக் குழந்தை இருந்தால் அதன் பெயருக்கும் பூட்டுப் போடச் சொல்லுங்கள், 16 வயதுக்குள் என்றால் பெற்றோரே போடலாம். அந்தப் பிள்ளை வளர்ந்து முதல் கடன் கேட்கும் நாள்வரை அதன் எண்ணை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது திருடனுக்கு நன்றாகத் தெரியும்.