பெட்டியில லைசன்ஸ் நம்பர் இருக்கா, முதல்ல அதைப் பாருங்க

கேள்வி: அப்பாவுக்கு ஆன்லைன்ல ஒரு பிபி மெஷின் வாங்கினோம், விலை ரொம்ப கம்மி. பெட்டில சி.இ., ஐ.எஸ்.ஓ.ன்னு போட்டிருக்கு. மெடிக்கல் சாதனம் எல்லாத்துக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம்னு சொல்றாங்களே, இது போதுமா சார்?
- வாசகி, திண்டுக்கல்

போதாதும்மா. சி.இ.ங்கறது ஐரோப்பா மார்க்கெட்டுக்கான முத்திரை, ஐ.எஸ்.ஓ.ங்கறது சர்வதேசத் தர அமைப்போட பேரு, அதுகளை மட்டும் வச்சு இங்க விக்க முடியாது. முன்னாடி நம்ம நாட்டுல ஸ்டென்ட், ஹார்ட் வால்வு மாதிரி கொஞ்ச சாமானுக்குதான் கட்டுப்பாடு இருந்துச்சு, மீதியை யார் வேணா செஞ்சு யார் வேணா விக்கலாம்ங்கற நிலைமை. 2020 ஏப்ரல் 1லேர்ந்துதான் எல்லா சாதனமும் சட்டப்படி மருந்து கணக்குல வந்துச்சு, 2021 அக்டோபர்ல பதிவு கட்டாயம் ஆச்சு, ரிஸ்க் கம்மியான ஏ, பி வகைக்கு 2022 அக்டோபர்லயும் ரிஸ்க் அதிகமான சி, டி வகைக்கு 2023 அக்டோபர்லயும் லைசன்ஸ் வந்துச்சு. பிபி மெஷினும் சுகர் பாக்கற குளுக்கோமீட்டரும் அதுக்கும் முன்னாடியே தனியா கட்டுப்பாட்டு லிஸ்ட்ல ஏறியாச்சு.

அதனால பெட்டியைத் திருப்பிப் பாருங்க. தயாரிச்சவர் பேரு, அட்ரஸ், பேட்ச் நம்பர், லைசன்ஸ் நம்பர் இருக்கணும். வெளிநாட்டு சாமான்னா இறக்குமதி பண்ணவர் பேரும் அட்ரஸும் இறக்குமதி லைசன்ஸ் நம்பரும் இருக்கணும். எதுவுமே இல்லேன்னா யோசிக்காம ரிட்டர்ன் போட்டுடுங்க, நாளைக்கு ரீடிங் தப்பாக் காட்டினா கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா? எல்லாம் சரியா இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட மெஷினை எடுத்துட்டுப் போயி, அப்பாவை அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வச்சு, ஒரே கையில உங்க மெஷின்லயும் அவர் மெஷின்லயும் பாத்துக்குங்க. கையைச் சுத்திக் கட்டற பட்டை அளவு பொருந்தலேன்னா நல்ல மெஷினே தப்பாக் காட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாசம் மூட்டு மாத்தற ஆபரேஷன். நாங்க என்ன கேட்டு வாங்கி வச்சுக்கணும்?
- வாசகர், கரூர்

இம்ப்ளான்ட், அதாவது உடம்புக்குள்ள பொருத்தற சாதனத்தோட ஸ்டிக்கர். மூட்டு வர்ற டப்பாவுலயே கம்பெனி பேரு, மாடல், லாட் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, உங்க டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் ஒண்ணு ஒட்டச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஜான்சன் அண்ட் ஜான்சனோட டிப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர்.னு ஒரு இடுப்பு மூட்டு வித்துச்சு, உலோகத்தோட உலோகம் உரசி கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்துல கலந்து, 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா அதைத் திரும்ப வாங்கினாங்க. நம்ம நாட்டுல அதைப் பொருத்திக்கிட்ட ஆயிரக்கணக்கானவங்கள்ல பெரும்பாலானவங்க எங்க இருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியல. இத்தனைக்கும் அது அனுமதியோட வந்த சரக்கு! நினைச்சாலே வயிறு எரியுது. சாதனத்தைப் பதிவு பண்ணிட்டு, யாருக்குப் பொருத்தினோம்ங்கற கணக்கை விட்டா என்ன பிரயோஜனம்? அதனால அந்த ஸ்டிக்கரை போன்ல போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர்கிட்டயாவது வச்சுக்குங்க.

கேள்வி: சின்னதா சர்ஜிக்கல் கடை வைக்கலாம்னு இருக்கேன், மருந்து விக்கப் போறதில்ல. எனக்கும் பதிவு வேணுமா?
- வாசகர், ஈரோடு

வேணும் தம்பி. சாதனம் மட்டும் விக்கறவங்களுக்கு எம்.டி. 42ன்னு ஒரு பதிவுச் சான்று இருக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல அப்ளை பண்ணணும். ஏற்கெனவே மருந்து விற்பனை லைசன்ஸ் இருக்கற மெடிக்கல் ஷாப்புக்குத் தனியா தேவையில்ல. சரக்கு வாங்கற பில்லுல பேட்ச் நம்பர் போடாத ஏஜென்ட்கிட்ட மட்டும் வாங்காதீங்க.