ஒரே முகவரி மாற்றி, பல டிரைவர்கள்: கேள்வி பதில்

விஎம்முக்குள் (மென்பொருளால் அமைத்த மெய்நிகர் கணினி) ஓடும் இயங்குதளமான கெஸ்ட், ஒரு நினைவக முகவரியைக் கொடுத்து "இங்கிருந்து எடுத்துக்கொள்" என்கிறது. அதை ஹோஸ்டின், அதாவது விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினியின், முகவரியாக மாற்றும் நிரலை நெட்வொர்க், டிஸ்க், கன்சோல் டிரைவர்கள் எல்லாம் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். டிரைவர் என்று நான் சொல்வது, ஹோஸ்ட் பக்கம் இருந்துகொண்டு சாதனம் போல நடக்கும் நிரலை. கெஸ்ட்டுக்குள் இருக்கும் டிரைவரை அல்ல.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நெஸ்டட் பேஜிங் (கெஸ்ட் முகவரியை ஹோஸ்ட் முகவரியாக மாற்றும் புராசஸர் வசதி) வழியாகப் புராசஸரே முகவரியை மாற்றிவிடுகிறதே, டிரைவர் எதற்குத் தனியாக மாற்ற வேண்டும்?

புராசஸர் மாற்றுவது கெஸ்ட்டின் நிரல் ஓடும்போது மட்டும்தான், தம்பி. டிரைவர் ஓடுவது ஹோஸ்டின் முகவரி வெளியில். அங்கே கெஸ்ட் கொடுத்த முகவரி வெறும் எண். அதனால் டிரைவர் ஒரு பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு ரீஜியன்: கெஸ்ட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், ஹோஸ்டில் அது எங்கே இருக்கிறது.

ஒரு ரீஜியன் கெஸ்ட்டில் 10,000-இல் தொடங்குகிறது, நீளம் 5,000, ஹோஸ்டில் இருக்கும் இடம் 7,00,000 என்று வையுங்கள். கெஸ்ட் 10,250 என்று கேட்டால் தொடக்கத்திலிருந்து 250 தள்ளி இருக்கிறது, ஆக ஹோஸ்டில் 7,00,250. ஒரு கழித்தல், ஒரு கூட்டல், கணக்கு முடிந்தது. கஷ்டம் எல்லாம் அதைச் சுற்றி வரும் சோதனைகளில்தான் இருக்கிறது. 64 பிட்டின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு முகவரியையும் பெரிய நீளத்தையும் கெஸ்ட் கொடுத்தால், இரண்டையும் கூட்டும்போது விடை சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாக வந்து நிற்கும். "முடிவு எல்லைக்குள் இருக்கிறதா" என்ற சோதனை அதை ஆமாம் என்று அனுப்பிவிடும். அதனால் இங்கே கூட்டிப் பார்க்கக் கூடாது, ரீஜியனில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நெட்வொர்க் டிரைவரிலும் டிஸ்க் டிரைவரிலும் இதற்குத் தனித்தனியாக அறுபது வரி இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. ஏன் கை வைக்க வேண்டும்?

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன். முன்பு வேலை பார்த்த இடத்தில், மேலே சொன்ன அந்தக் கூட்டல் பிழையை நெட்வொர்க் டிரைவரில் கண்டுபிடித்துத் திருத்தினோம். டிஸ்க் டிரைவரில் அதே நிரலின் பழைய நகல் இருந்தது யாருக்கும் நினைவில்லை. மாறிகளின் பெயர்கள் வேறாக இருந்ததால் தேடியபோதும் சிக்கவில்லை. பல மாதம் கழித்து அதே பிழை டிஸ்க் வழியாக வந்து ஹோஸ்ட் புராசஸையே சாய்த்தது. திருத்தம் தெரிந்திருந்தும் பயனர்களை அப்படியே விட்டுவைத்தோம் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஓடும் இத்தகைய ஹோஸ்ட் பக்க டிரைவர்களின் தொகுப்பு வீஹோஸ்ட். அதன் நெட்வொர்க் டிரைவர் 2.6.34 பதிப்பில், 2010-இல் வந்தது. பிறகு 2012-இல் ஸ்கசி (டிஸ்குக்கு), 2016-இல் விசாக் (கெஸ்ட்டும் ஹோஸ்டும் பேசிக்கொள்ள) என்று மற்ற டிரைவர்கள் சேர்ந்தன. முகவரி மாற்றுவதும் டிஸ்கிரிப்டர் (கெஸ்ட் தரும் முகவரியும் நீளமும் கொண்ட குறிப்பு) படிப்பதும் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கோப்பில் இருக்கின்றன. 2019-இல் சிவிஇ-2019-14835 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்புக் குறை வெளிவந்தது. விஎம்மை ஓடும்போதே இடம் மாற்றும் நேரத்தில், நீளம் தவறான டிஸ்கிரிப்டரைக் கெஸ்ட் கொடுத்தால் ஹோஸ்ட் கர்னலின் பஃபர் வழிந்துவிடும் என்ற மோசமான ஓட்டை அது. பொதுக் கோப்பில் திருத்தியதும் டிரைவர் டிரைவராகத் தேடி அலைய வேண்டிய வேலை இல்லாமல் போனது. பொது நிரலில் பிழை இருந்தால் எல்லோரையும் பாதிக்கும் என்பதும் உண்மைதான். ஆனாலும் தெரிந்த ஒரு இடத்தில் இருக்கும் பிழையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: சார், நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பொது ஃபங்ஷன் எழுதினோம். கெஸ்ட் முகவரியைக் கொடுத்தால் ஹோஸ்ட் பாயின்டர் கிடைக்கும். நெட்வொர்க் பிரமாதமாக ஓடுகிறது, டிஸ்கில் மட்டும் எப்போதாவது டேட்டா கெட்டுப்போகிறது. டிஸ்க் டிரைவரில்தான் பக் என்று நினைக்கிறோம்.

டிஸ்க் டிரைவரை விட்டுவிடுங்கள். பிழை அந்தப் பொது ஃபங்ஷனில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது வெறும் பாயின்டரைத் தருகிறது, அந்தப் பாயின்டர் எத்தனை பைட்டுக்குச் செல்லும் என்று சொல்வதில்லை.

கெஸ்ட்டின் பார்வையில் ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு ரீஜியன்கள் ஹோஸ்டில் ஒட்டி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நினைவகத்தை இடையில் கூட்டிய விஎம்களில் இது சகஜம். 1,500 பைட் பாக்கெட் எல்லையைத் தாண்டி விழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு மெகாபைட் டிஸ்க் ரீடுக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம். எல்லை தாண்டியதும் நீங்கள் எழுதுவது ஹோஸ்டில் வேறு யாருடைய இடத்திலோ போய் விழுகிறது. உங்களுக்குத் தெரிந்தது "டேட்டா கெட்டது" மட்டும். தெரியாமல் வேறு எது கெட்டதோ!

எக்ஸ்86-இல் இன்னொன்றையும் கவனியுங்கள். 4 ஜிபி முகவரிக்குக் கீழே பிசிஐ சாதனங்களுக்காக ஒரு இடைவெளி விடப்படும். பெரிய விஎம்மின் ரேம் அந்த இடைவெளிக்குக் கீழே ஒரு துண்டு, 4 ஜிபிக்கு மேலே ஒரு துண்டு என்று பிரிந்திருக்கும். சின்ன விஎம்மில் மட்டும் சோதித்தவர்கள் இந்த இரண்டாவது துண்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

தீர்வு: முகவரியோடு நீளத்தையும் வாங்குங்கள், பதிலாகத் துண்டுகளின் பட்டியலைக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாயின்டரும் நீளமும் இருக்கட்டும். வீஹோஸ்டும் இப்படித்தான் செய்கிறது. பாயின்டர் மட்டும் தரும் பழைய ஃபங்ஷனை அழித்துவிடுங்கள். "வசதிக்காக" என்று வைத்திருந்தால் அடுத்த டிரைவர் எழுதுபவர் அதைத்தான் எடுப்பார்.

இன்னொரு விஷயம். டிஸ்கிரிப்டரை ஒரு முறை உங்கள் நினைவகத்துக்கு நகலெடுத்து, அந்த நகலையே சோதித்து அதையே பயன்படுத்துங்கள். சோதித்த பிறகு கெஸ்ட் நினைவகத்திலிருந்து மறுபடி படித்தால், நடுவில் கெஸ்ட் நீளத்தை மாற்றியிருக்கலாம்.

கேள்வி: நெட்வொர்க் சாதனத்துக்கு வி-ஐஓஎம்எம்யு (சாதனம் பார்க்கும் முகவரிகளை மாற்றித் தரும் மெய்நிகர் அமைப்பு) இருக்கிறது, டிஸ்குக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே நிரல் சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் இரண்டு அடுக்காகப் பிரித்தால் மட்டும். மேல் அடுக்கு சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும். சாதனம் பார்க்கும் முகவரியை அது கெஸ்ட் முகவரியாக மாற்றும், டிஸ்குக்கு வந்ததை அப்படியே கீழே தள்ளும். கீழ் அடுக்கு மொத்த விஎம்முக்கும் ஒன்று. எந்தச் சாதனத்துக்கு மேல் அடுக்கு தேவை என்பதை விர்ட்ஐஓவின் (மெய்நிகர் சாதனங்களுக்கான பொது விதிமுறை) 33-ஆம் ஃபீச்சர் பிட் சொல்லிவிடும்.

பலர் சறுக்குவது பிழைகளைக் கையாளும் இடத்தில். "இந்த முகவரியே இல்லை" என்பது ஒரு பதில். "இப்போதைக்கு என்னிடம் இல்லை, கேட்டிருக்கிறேன், பிறகு வா" என்பது வேறு பதில். வி-ஐஓஎம்எம்யு இருந்தால் இரண்டாவது பதில் அடிக்கடி வரும், அது பிழையே இல்லை. இரண்டையும் ஒரே எண்ணால் குறித்தால் ஒழுங்கான கெஸ்ட்டின் ரிங்கும் (கோரிக்கைகளை வைக்கும் வரிசை) நின்றுபோகும். பிறகு என்ன செய்வது, காத்திருப்பதா, அடுத்த ரிங்குக்குப் போவதா என்பதை டிரைவரே முடிவு செய்யட்டும். நெட்வொர்க்குக்குப் பொருந்தும் முடிவு டிஸ்குக்குப் பொருந்தாது. பொது நிரல் அதில் தலையிடவே கூடாது.

வீஹோஸ்டில் மாற்றிய முகவரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஐஓடிஎல்பி வசதி 2016-இல் வந்தது. 2020-இல் விடிபிஏ (விர்ட்ஐஓ டேட்டாவை நிஜ ஹார்டுவேரே கையாளும் முறை) வந்தபோது அதைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாவது பயனர் வந்த பிறகு பிரித்தது எனக்குப் பிடித்த விஷயம். எது உண்மையிலேயே பொதுவானது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: பட்டியலுக்கு ஒரே லாக் போட்டால் எல்லா டிரைவர்களும் வரிசையில் நிற்காதா?

சாதாரண லாக் போட்டால் நிற்கும். பட்டியல் மாறுவது எப்போதோ ஒரு முறை, படிப்பது நொடிக்கு லட்சக்கணக்கில். அதனால் பட்டியலைத் திருத்தாதீர்கள். புதிதாக ஒன்று கட்டி, பழையதற்குப் பதில் அதைக் காட்டுங்கள். பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்த பிறகு அதை விடுவியுங்கள். கர்னலில் ஆர்சியூ இதற்கு இருக்கிறது. ஆனால் டிஸ்க் ரிக்வெஸ்ட் முடிய நேரம் எடுக்கும், அதுவரை அந்த நினைவகம் விடுவிக்கப்படாமல் இருப்பதை உறுதி செய்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: மைக்ரேஷனுக்கு (விஎம்மை ஓடும்போதே வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) எந்த நினைவகப் பக்கங்கள் மாறின என்று குறிக்க வேண்டும். அது டிரைவரிலா, பொது நிரலிலா?

பொது நிரலில். எழுதுவதற்காக முகவரி கேட்டால் அந்தத் துண்டை முடிக்கும்போது குறிப்பும் விழ வேண்டும். ஒரு டிரைவர் மறந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் கெஸ்ட்டின் நினைவகம் பழையதாக இருக்கும். ஆனால் எழுதி முடித்த பிறகுதான் குறிக்க வேண்டும். முன்பே குறித்தால், குறிப்பைப் படித்துப் பக்கத்தை அனுப்பிய பிறகு உங்கள் எழுத்து வந்து விழலாம்.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லையா?

குறையும். ரஸ்ட்-விஎம்எம் திட்டத்தின் விஎம்-மெமரி லைப்ரரியில் கெஸ்ட் முகவரி தனி டைப், ஹோஸ்ட் பாயின்டரோடு கலக்க முடியாது. விஎம்களை ஓட்டும் ஃபயர்கிராக்கர், கிளவுட் ஹைப்பர்வைசர் இரண்டும் அதைப் பயன்படுத்துகின்றன. சி-யில் இருப்பவர்களும் கெஸ்ட் முகவரியை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்தால் பாதிப் பலன் கிடைக்கும்.

கேள்வி: சரி, எங்களிடம் ஐந்து டிரைவர்கள், ஐந்து நகல்கள். எங்கே தொடங்குவது?

முதலில் ஐந்து நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசங்களை எழுதுங்கள். ஒவ்வொரு வித்தியாசமும் ஒரு டிரைவரில் திருத்தி மற்றதில் விட்ட பிழையாகவோ, அந்தச் சாதனத்தின் உண்மையான தேவையாகவோ இருக்கும். அப்புறம் சோதனைகள்: நீளம் பூஜ்யம், ரீஜியனின் கடைசி பைட், எல்லை தாண்டுவது, இடைவெளிக்குள் விழுவது, 64 பிட் சுற்றுவது. இவற்றை இப்போதிருக்கும் ஐந்து நகல்கள் மீதும் ஓட்டிவிட்டு, அதிகம் தோற்கும் டிரைவரை முதலில் மாற்றுங்கள்.