இரண்டாவது கட்டு எங்கே?

(மரமேறிக் கொப்பு கழிக்கும் தொழிலாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் வேளாண் பகுதியின் பதில்கள்)

கடையில் விற்கும் மஞ்சள் நைலான் கயிற்றைத்தான் இத்தனை வருஷமும் இடுப்பில் கட்டி ஏறுகிறோம். இரண்டு ஆள் தொங்கினாலும் அறாது. இதற்கெனத் தனிக் கயிறு எதற்கு? – மேலூர் வாசகர்

முதலில் அது நைலான்தானா என்று பாருங்கள். ஒரு முழம் நறுக்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலான் இல்லை, பெரும்பாலும் பாலிபுரொப்பிலின். நைலான் தண்ணீரில் மூழ்கும். பாலிபுரொப்பிலின் ஏறத்தாழ 165 டிகிரியிலேயே உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் உருக 210 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வேகமாக இறங்கும்போது கயிறு கயிற்றோடு உரசுகிற சூட்டில்தான் இந்த வித்தியாசம் தெரியும். வெயிலும் பாலிபுரொப்பிலினைத் தின்றுவிடும். திருகிப் பார்த்தால் வெள்ளைத் தூள் உதிரும் கயிறு வைக்கோல் கட்டத்தான் லாயக்கு.

ஏறுவதற்கு, உள்நூலும் மேலுறையும் உள்ள, அதிகம் இழுபடாத 11 முதல் 13 மி.மீ. கயிறு வேண்டும். உறையிலோ சீட்டிலோ ‘இ.என். 1891 ஏ வகை’ (ஐரோப்பியத் தர எண்) என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கும் சற்று அதிகமான இழுப்பைத் தாங்கும். முடிச்சு விழுந்த இடத்தில் அந்தப் பலம் கணிசமாகக் குறையும். அதனால்தான் இவ்வளவு கூடுதல் பலத்தோடு செய்கிறார்கள். வாள் பட்ட வெட்டு, கைக்கு நொளுநொளுவென்று படும் இடம், கண்ணாடிபோல் மினுங்கும் இடம், பேட்டரி ஆசிட் பட்ட கறை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏறுகயிறு என்ற வேலையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

கட்டட வேலைக்குத் தரும் ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) ஒன்று இருக்கிறது. முதுகில் வளையம் உள்ளது. மரத்துக்கு ஆகுமா? – வாடிப்பட்டி வாசகர்

முதுகு வளையம் விழுந்தவரைப் பிடித்து நிறுத்த மட்டும்தான். அதில் தொங்கிக்கொண்டு கொப்பு அறுக்க முடியாது, கை மரத்துக்கே எட்டாது. மரவேலைக்குத் தொடைப்பட்டையோடு கூடிய, உட்கார்ந்த நிலையில் தாங்கும் ஹார்னஸ் வேண்டும்: ஏறுகயிறு மாட்ட முன்பக்கம் ஓர் இணைப்பு, தண்டைச் சுற்றிப் போடும் இடைக்கயிறு மாட்ட இரு பக்கமும் வளையங்கள். வெறும் இடுப்பு பெல்ட் வேண்டவே வேண்டாம். விழுந்தால் விலாவை நெரிக்கும். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குச் சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். எனவே அவரை இறக்கத் தெரிந்த இன்னொரு மரமேறியும் இன்னொரு கயிறும் கீழே தயாராக இருக்க வேண்டும்.

ஆள் ஏறாமல் கயிற்றை மேலே போடுவது எப்படி? பிறகு எந்த முடிச்சு? – அலங்காநல்லூர் வாசகர்

சுமார் 300 கிராம் மணல் நிரப்பிய சிறு பையை 2 மி.மீ. வழுக்கு நூலில் கட்டி, குறிவைத்த கவட்டைக்கு மேலே எறிய வேண்டும். கல்லைக் கட்டி எறியாதீர்கள். கொப்பில் மோதி, வந்த வழியே திரும்பும். பை இறங்கியதும் நூலோடு ஏறுகயிற்றை இழுத்துவிடலாம்.

கவட்டை பச்சைமரமாக, 10 செ.மீ.க்குக் குறையாத தடிமனாக இருக்க வேண்டும். தண்டை ஒட்டியே கயிறு விழ வேண்டும். இரண்டு கொப்புகள் குறுகலாக ‘வி’ போலச் சேர்ந்து, நடுவே பட்டை மடிந்து கிடந்தால் அந்தக் கவட்டை வேண்டாம், பிளந்துவிடும். முருங்கையும் குல்மொகர் என்ற செம்மயில்கொன்றையும் தடியாக இருந்தும் திடீரென்று ஒடியும். பழைய புளியில் அடிமரத்தை மரச்சுத்தியலால் தட்டுங்கள். பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தால் உள்ளே பொந்து. பிறகு இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துத் தொங்கி உலுக்கிப் பார்த்த பின்புதான் ஏற வேண்டும்.

கொப்பின் மேலாகப் போய்த் திரும்பும் கயிற்றின் ஒரு முனையை, நாலைந்து அடி வால் விட்டு, ஹார்னஸில் கட்டுங்கள். அந்த வாலால் எதிர்ப்பக்கக் கயிற்றில் பிளேக் முடிச்சு (கையால் நகர்த்தலாம், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) போட வேண்டும். மேல்நோக்கி நான்கு சுற்று சுற்றுங்கள். வாலைக் கீழே கொண்டுவந்து, ஹார்னஸிலிருந்து வரும் பகுதிக்கு முன்னால் விட்டு, ஏறுகயிற்றுக்குப் பின்னால் சுற்றி, கீழிரண்டு சுற்றுகளுக்கு அடியில் நுழைத்து இழுங்கள். வால் முனையில் 8 வடிவ முடிச்சு ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் வால் ஊர்ந்து வெளியே வந்துவிடும். தவறான இடத்தில் நுழைத்துவிட்டாலும் பார்வைக்கு அதே முடிச்சுபோல் இருக்கும், ஆனால் பிடிக்கும் என்று நம்ப முடியாது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். இறங்கும்போது மெதுவாக வாருங்கள். சர்ரென்று இறங்கினால் முடிச்சு தீய்ந்துவிடும்.

40 அடி உயரக் கவட்டைக்கு 80 அடிக்கு மேல் இன்னும் 15 அடி கயிறு வேண்டும். கீழ்முனையிலும் ஒரு முடிச்சு போடுங்கள். போடாமல் முனை தாண்டி வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

கொப்பின் நுனிக்கு நகரும்போது கயிறு நேர்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்த நிலையில் கால் வழுக்கினால் ஊஞ்சல்போல் வீசி, தண்டில் மோதுவீர்கள். அறுக்க நின்றதும் இடைக்கயிற்றைத் தண்டைச் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள். இடைநார் கட்டிக் கை இரண்டையும் விடுவித்துக்கொள்ளும் பனையேறிக்கு இது புதிதல்ல. வாளைத் தொடும் முன் இரண்டு கட்டு இருக்க வேண்டும், ஏறுகயிறு ஒன்று, இடைக்கயிறு ஒன்று. ஒன்றை வாள் அறுத்தாலும் மற்றது தாங்கும். செயின் வாள் என்றால் இடைக்கயிறு உள்ளே இரும்புக்கம்பி வைத்ததாக இருக்கட்டும். அதுவும் வெட்டுவதைத் தாமதப்படுத்துமே தவிர, முழுதாகத் தடுக்காது.

தென்னை ஏறும் மெஷினை வேம்புக்குப் போடலாமா? – சோழவந்தான் வாசகர்

முடியாது. அதன் கம்பிவடம் ஒரே தடிமனுள்ள, கிளையில்லாத தண்டைக் கவ்வத்தான். தென்னையிலும் நின்று ஏறும் வகையைப் பாதுகாப்பு ஹார்னஸ் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

காலில் இரும்பு முள் கட்டி ஏறலாமா? – திருமங்கலம் வாசகர்

அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும். உயிரோடு இருக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் அழுகலுக்கு ஒரு வாசல்.

வேப்பங்கொப்பை அறுத்தால் பட்டை தண்டு வரை உரிந்து வருகிறது. – மதுரை வாசகர்

ஒரே வெட்டில் அறுப்பதால்தான். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி கால் பங்கு தடிமன் வரை அறுங்கள். அதற்கு இரண்டு விரல்கடை வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு உரியாமல் விழும். மீதிக் கட்டையைத் தண்டோடு சேரும் புடைப்புக்குச் சற்று வெளியே அறுங்கள். புடைப்பு தங்கினால் காயம் தானே மூடும். தண்டோடு சமமாகச் செதுக்குவதை அழகு என்று நினைப்பவர்கள் அதிகம். மரத்துக்கு அது பெரிய காயம். பெயின்ட் பூசவும் தேவையில்லை.

மின்கம்பி அருகில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஈரக் கயிறும் பச்சைக் கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து உங்கள் உடம்போ, வாளோ, விழும் கொப்போ பத்தடிக்குள் வரும் என்றால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே எறிநூலை எடுங்கள். கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே சுற்றிவந்து பாருங்கள். கயிற்றில் தொங்கும் ஆளால் ஓட முடியாது.