மக்கர் பண்ணின சுறா

கேள்வி: முன்னாடி ஒரு ஷாட்டுக்கு மூளைய கசக்குவாங்க, இப்ப எல்லாத்தையும் கிராஃபிக்ஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. டெக்னாலஜி கற்பனைய சாகடிச்சிடுச்சா சார்?

பதில்: பாதி உண்மைங்க. 1975ல வந்த 'ஜாஸ்' படத்துக்கு ஸ்பீல்பெர்க் மெஷின் சுறா செஞ்சு கடல்ல இறக்கினாரு, உப்புத்தண்ணில அது அடிக்கடி மக்கர் பண்ணிடுச்சு, வேற வழியில்லாம சுறாவ காட்டாமலே தண்ணிக்கு அடியில நகர்ற கேமரா, மிதந்து வர்ற மஞ்ச பீப்பாய், ரெண்டே சுரம் திரும்பத் திரும்ப வர்ற மியூசிக், இத வச்சே நடுங்க வச்சிட்டாரு. இன்னிக்குன்னா முதல் சீன்லயே வாயத் தொறந்துகிட்டு வந்திருக்கும், பல்ல எண்ணிப் பாக்கலாம், பயம் மட்டும் வராது.

ஆனா பழிய மெஷின் மேல போடாதீங்க. ஃபிலிம் காலத்துல 1000 அடி ரோல் சுமார் 11 நிமிஷத்துல தீந்துடும், காசு கரையுதேன்னு நல்லா ரிகர்சல் பாத்துட்டுதான் கேமராவ ஓட விடுவாங்க. டிஜிட்டல்ல அந்த பயம் போச்சு, எடுத்துக் குவிச்சிட்டு எடிட்டிங்ல பாத்துக்கலாம்ங்கற சோம்பேறித்தனம் வந்துடுச்சு (எனக்கும் உண்டு, இந்த பதிலையே நாலு தடவ அழிச்சு எழுதினேன்). அதே டிஜிட்டல்தான் காசில்லாதவங்களையும் படம் எடுக்க வச்சுது, 2015ல வந்த 'டேஞ்சரின்' ஐஃபோன் 5எஸ்ல எடுத்தது.

1839ல ஃபோட்டோ வந்தப்பவும் ஓவியத்துக்கு சங்குதான்னு பேச்சு இருந்துச்சு. 1874லயே பாரிஸ்ல இம்ப்ரெஷனிஸ்ட்னு பேர் வாங்கின ஓவியர்ங்க, அச்சு அசலா வரையறத விட்டுட்டு, வெளிச்சத்த வரைஞ்சு கண்காட்சியே வச்சுட்டாங்க. ஏஐ பத்தி இப்ப கேக்காதீங்க, அது தனிக் கச்சேரி.