துகள் பனி பார்க்கத் தரகர் எதற்கு?

கேள்வி: கனடாவிலிருந்து வரும் நண்பனோடு ஐந்து பேராக ஜனவரியில் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போய், கிரிகல்பொத்த மலையில் ஏற இருக்கிறோம். அங்கே பனியில் நடக்கும்போது போடும் ஸ்னோஷூவைக் கொண்டுவரட்டுமா என்று நண்பன் கேட்கிறான். நுவரெலியாவில் ஒருவர், துகள் பனி உருகுவதற்குள் பார்க்க அதிகாலை மூன்று மணிக்கே உள்ளே கூட்டிப்போவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: ஸ்னோஷூ வேண்டாம். முழங்கால்வரை புதையும் பனியில் உடல் எடையைப் பரப்பித் தாங்குவதற்காகச் சப்பாத்தின் அடியில் கட்டும் சட்டகம் அது. நம் ஊர்த் துகள் பனி புல் நுனியில் படியும் மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டுமே. பாறையில் அந்தச் சட்டகத்தின் இரும்புப் பற்கள் வழுக்கிக் கணுக்கால் பிசகும். பிடிப்புள்ள சாதாரணச் சப்பாத்தும் இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் போதும்.

உச்சிக்கு ஏறினால் பனி கூடுதலாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். காற்றில்லாத, மேகமற்ற இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால்தான் 2,388 மீற்றர் உயரக் கிரிகல்பொத்த உச்சியைவிடச் சமவெளியின் புல்வெளித் தாழ்வுகளில் பனி படியும் வாய்ப்பு அதிகம். வானிலை அறிக்கையில் மூன்று பாகை என்றிருந்தாலும் தரையில் உறைநிலை இருக்கலாம். மேகம் மூடிய இரவென்றால் எந்தத் தரகராலும் பனியைக் காட்ட முடியாது. அவர் முன்பணம் கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

இனி அந்த மூன்று மணிக் கதை. பூங்கா வாயில் திறப்பது காலை ஆறு மணிக்கு. அதற்கு முன் 'எனக்கு ஆள் தெரியும்' என்று சொல்பவர் உங்களைப் பட்டிப்பொல வாயிலில் வேனுக்குள் மூன்று மணி நேரம் நடுங்க வைப்பார்; இல்லையென்றால் சீட்டு இல்லாமல் குறுக்குப் பாதையில் இறக்கிவிடுவார். பிடிபட்டால் வழக்கு உங்கள்மேல்; அவர் தொலைபேசி அணைந்திருக்கும்.

ஆறு மணிக்கு முன் உள்ளே இருக்க ஒரே வழிதான் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதியையோ முகாமிடத்தையோ முன்பதிவு செய்து, முந்தின பகலே உள்ளே போய்த் தங்க வேண்டும். பதிவு உங்கள் குழுவில் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். தரகர் தன் கைப்பேசியில் காட்டும் படம் பற்றுச்சீட்டு ஆகாது. வேறு குழு எடுத்த இடத்தில் 'சேர்ந்துகொள்ளலாம்' என்பதும் ஆகாது. முந்தின நாள் மாலை வாயில் மூடிய பிறகு போய் நின்றாலும் ஆகாது. இத்தனையும் சரியாக இருந்தால் தாராளமாக விடியலில் எழுந்து பனியைப் பாருங்கள்.

நண்பரின் சீட்டு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். அவரிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தால் காட்டட்டும். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் வெளிநாட்டவர் கட்டணம்தான். 'பின் ஆசனத்தில் பேசாமல் இருக்கட்டும், உள்ளூர்க்காரர் என்று சொல்லிவிடுகிறேன்' என்பார் தரகர். மிச்சமாகும் பணம் போவது அவருடைய பைக்கு. நுழைவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று துண்டு துண்டாக வைத்து, மொத்தம் எவ்வளவு என்பதைக் கருமபீடத்துக்குப் போன பிறகே தெரியவைக்கும் முறைதான் இந்த ஆட்களை வளர்க்கிறது. மொத்தத் தொகையை ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதி வைக்க எத்தனை காலம் வேண்டும்? அதுவரை பேரம் வேன் வாடகைக்கு மட்டும் இருக்கட்டும். சீட்டை நீங்களே எடுங்கள்.

ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தாலும் பனி கிடைக்கும். வெயில் புல்லைத் தொட்ட பிறகே அது கரையத் தொடங்கும். கிரிகல்பொத்தவுக்குப் போக ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர், திரும்பவும் அவ்வளவு. பாதை திறந்திருக்கிறதா என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். மூடியிருந்தால் பட்டிப்பொல வாயிலுக்கு அருகிலிருந்து ஏறும் தொட்டுப்பொல மலை போதும். 2,357 மீற்றர், குறுகிய ஏற்றம்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் பத்துப் பாகையிலும் உடல் விறைக்கும். ஒருவர் நாக்குழறிப் பேசினால், கையால் பொத்தானைப் பூட்ட முடியாமல் தடுமாறினால், உடனே உலர்ந்த சட்டை மாற்றிக் கீழே இறக்குங்கள். 'குளிருக்கு நல்லது' என்று போத்தல் கொண்டுவரும் நண்பரை வாயிலிலேயே நிறுத்துங்கள். சாராயம் தோலில் சூட்டைக் காட்டி உள்ளுடம்பின் சூட்டை வெளியேற்றிவிடும். பிளாஸ்கில் இனிப்பான தேநீர் கொண்டுபோங்கள். பொலித்தீன் பொதிகளை வாயிலில் பிடுங்குவார்கள், ரொட்டியையும் சம்பலையும் டப்பாவில் போடுங்கள். நண்பகல் பன்னிரண்டுக்கு உச்சி தெரியாவிட்டால், எவ்வளவு அருகில் என்று யார் சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.