வாசகர் கேள்வி–பதில்: சினிமா ஆங்கிலமும் ஆபீஸ் ஆங்கிலமும்

சப்டைட்டிலோடு நிறைய ஆங்கிலப் படம் பார்க்கிறேன். பேச்சு புரிகிறது. ஆனால் மெயில் எழுதினால், ‘சினிமா மாதிரி எழுதாதே’ என்கிறார் மேலாளர். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று எப்படிப் பிரிப்பது?
– வாசகி, திருச்சி

முழுப் படத்தையும் பாடமாக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடக் காட்சிகளாக எடுங்கள். ஒரே பாத்திரம் மேலதிகாரியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லும் காட்சி, அதையே வீட்டிலோ நண்பனிடமோ சொல்லும் காட்சி என்று ஜோடியாகக் கிடைத்தால் உத்தமம். வக்கீல், டாக்டர், நிருபர் வரும் படங்களில் இப்படி நிறைய உண்டு.

முதல் முறை சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள். அடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு. தமிழ் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். ‘கெட்’, ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ மூன்றும் அதில் ஒரே ‘கிடைத்தது’ ஆகிவிடும். நீங்கள் கற்க வந்த வேறுபாடே காணாமல் போகும்.

ஒரு காட்சிக்கு ஐந்து தொடர்களுக்கு மேல் குறிக்காதீர்கள். தொடருக்குப் பக்கத்தில் யார், யாரிடம் சொன்னது என்று கட்டாயம் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. கடைசியாக, அதையே மெயிலில் எப்படி எழுதலாம் என்று ஒரு வரி. ‘புட் ஆஃப்’ என்று கேட்டால் ‘போஸ்ட்போன்’. ‘ஐ ஸ்க்ரூட் அப்’ என்றால் ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. ‘லெட் மீ நோ’ மட்டும் இரண்டு இடத்துக்கும் பொருந்தும், மாற்ற வேண்டாம். சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபர்டு நிறுவனங்களின் மாணவர் அகராதிகளைப் பாருங்கள். ‘ஃபார்மல்’, ‘இன்ஃபார்மல்’ என்று சொல்லுக்கு அருகிலேயே குறித்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் இப்படி ஜோடிச் சொற்கள் குவிந்ததற்குக் காரணம் 1066. அந்த ஆண்டு பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் அங்கே அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. தேவாலயமும் கல்வியும் லத்தீனில் நடந்தன. அவ்வழி வந்த சொற்களுக்கு இன்றும் கொஞ்சம் அதிகார மிடுக்கு. அதற்காக எல்லா இடத்திலும் அவற்றைத் திணிக்காதீர்கள். ‘கமென்ஸ்’, ‘என்டெவர்’ என்று அடுக்கினால் மெயில் நோட்டீஸ் போலாகிவிடும். ‘ஸ்டார்ட்’, ‘ட்ரை’ போதும். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ நம் அலுவலகங்களில் செல்லுபடியாகும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு அது பழங்காலத்து வாசகம்.

சப்டைட்டிலில் ‘கோயிங் டு’ என்று வருகிறது. காதில் ‘கனா’ என்று விழுகிறது. எதை எடுத்துக்கொள்வது?
– கல்லூரி மாணவர், தேனி

பேச ‘கனா’, எழுத ‘கோயிங் டு’. நாம் ‘வந்துட்டேன்’ என்று பேசி ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுவது போலத்தான். ஆனால் இதற்கு ஓர் இலக்கணம் உண்டு: பின்னால் வினைச்சொல் வர வேண்டும். ‘ஐ ஆம் கனா கால் ஹிம்’ சரி. மதுரைக்குப் போவதைச் சொல்ல ‘ஐ ஆம் கனா மதுரை’ என்றால் தப்பு. ‘ஹி வானா’வும் ஆகாது, ‘ஹி வான்ட்ஸ் டு’தான்.

சப்டைட்டில் பேச்சின் நகல் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் விதிப்படி ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்துகள், ஒரு நேரத்தில் இரண்டு வரிகள். வேகமாகப் பேசினால் சுருக்கித்தான் எழுத முடியும். ‘சிசி’ என்று குறித்த, செவித்திறன் குறைந்தோருக்கான சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும்.

படங்களில் டாக்டர்கள் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்கிறார்களே, அவர்களுக்கு என்ன பயம்?
– வாசகர், ஈரோடு

பயம் ஏதுமில்லை. கெட்ட செய்திக்கு முன் ‘வருத்தத்தோடு சொல்கிறேன்’ என்று போடும் மெத்தை அது. மெயிலிலும் தாராளமாக எழுதலாம். இதே வகையில் ‘உட் யூ மைண்ட்’ பலரைக் கவிழ்க்கும். ‘உட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்றால், ‘ஜன்னலைத் திறப்பதில் ஆட்சேபம் உண்டா?’ என்று பொருள். உதவ நினைத்து வெறும் ‘யெஸ்’ சொன்னால் மறுத்ததாகக்கூட எடுத்துக்கொள்ளப்படலாம். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டுத் திறங்கள்.

அரண்மனை, பிரபுக்கள் படங்களைப் பார்த்தால் ஃபார்மல் ஆங்கிலம் வருமா?
– வாசகி, சேலம்

ரசிக்கப் பாருங்கள், ஆபீஸுக்கு உதவாது. 1964இல் வந்த ‘மை ஃபேர் லேடி’யில் ஆஸ்கட் குதிரைப் பந்தயக் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். பூ விற்கும் எலைசாவுக்கு உச்சரிப்பு சுத்தமாக வந்துவிட்டது; ஆனால் மேட்டுக்குடிச் சபையில் அவள் சொல்வதோ அத்தையை யாரோ ‘டன் ஹர் இன்’ செய்துவிட்டார்கள் என்ற தெருப்பேச்சு. கொன்றுவிட்டார்கள் என்று அர்த்தம். உச்சரிப்பு வேறு, சொல்தேர்வு வேறு என்பதை இவ்வளவு வேடிக்கையாகக் காட்டிய காட்சி குறைவு.

ஆபீஸ் ஆங்கிலத்துக்கு 2000க்குப் பின் வந்த, வேலையிடத்தில் நடக்கும் படங்களை எடுங்கள். மெயில் நடைக்கு எந்தப் படமும் போதாது. உங்கள் அலுவலகத்தில் நன்றாக எழுதுபவரின் பழைய மெயில்கள் பத்தைத் திறந்து, தொடக்க வரியையும் முடிவு வரியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.