கடல்நீர்த் தொட்டிக்கு வீட்டிலேயே அக்ரிலிக் ஸ்கிம்மர்: கேள்வி பதில்

நீரில் கரைந்த கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரைக் கடையில் வாங்காமல் தாமே செய்துகொள்ள விரும்பும் கடல்நீர்த் தொட்டி ஆர்வலர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இதுவரை நான் ஏழு ஸ்கிம்மர்கள் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் இணைப்பில் ஒழுகின. அதனால் இணைப்பு பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவர்): ஐயா, ஸ்கிம்மர் உண்மையில் எதைப் பிரிக்கிறது? என் நன்னீர்த் தொட்டிக்கும் இதைச் செய்து வைக்கலாமா?

பதில்: துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பருப்பிலிருந்து கரைந்த புரதம் முதலானவை, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் படிந்துகொள்வதால்தான் அந்த நுரை உடையாமல் நிற்கிறது. மீன்தொட்டியில் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரையும் கரிமப் பொருள்கள் பலவற்றில் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை நீரை விட்டு விலகும். விலகும் முனை காற்றுக்குமிழியைப் பற்றிக்கொண்டு அதனுடன் மேலேறிவிடும். 2019 நவம்பர் இறுதியில், மழைக்குப் பின் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை குவிந்து கிடந்தது நினைவிருக்கும். கழிவு கலந்த நீரில் அலைகள் காற்றைப் புகுத்திச் செய்ததும் இதே வேலைதான்.

நன்னீரில் இது பயன் தராது. உப்பு நீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். நன்னீரில் அவை சேர்ந்து பெருத்து, எதையும் பற்றுவதற்கு முன்பே மேலே போய்விடும்.

கேள்வி (பெரம்பூர்): 200 லிட்டர் தொட்டி. இரண்டு நிமோக்களும் நான்கு டாம்சல் மீன்களும் உள்ளன. எந்த அளவுக் குழாய் வாங்க வேண்டும்?

பதில்: உள்விட்டம் 10 செ.மீ., உயரம் 50 செ.மீ. உள்ள குழாய் போதும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3.9 லிட்டர். அதற்குள் மணிக்கு 240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர் நீரை அனுப்பினால், ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ ஒரு நிமிடம் குமிழிகளுக்கிடையே தங்கும். தொட்டி நீர் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை ஸ்கிம்மர் வழியாகச் சுற்றிவிடும். பெரிய பம்ப் வைத்தால் நன்றாக வேலை செய்யும் என்று எண்ணிப் பலர் மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் பம்பை இந்தக் குழாயில் மாட்டுகிறார்கள். நீர் கால் நிமிடம்கூடத் தங்காமல் வெளியேறும்; கீழ்நோக்கிய ஓட்டம் வேகமாக இருப்பதால் நுண்குமிழிகளும் அதோடு தொட்டிக்குள் போய்விடும்.

அமைப்பில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். நீர் மேல்பகுதியில் நுழைந்து கீழே இறங்க வேண்டும்; காற்று அடியிலிருந்து மேலேற வேண்டும்; நீர் வெளியேறும் துளை, காற்று விடும் இடத்துக்கும் கீழே இருக்க வேண்டும். நுரை மேலேறிச் சேகரிப்புக் கோப்பைக்குள் வழியும் குறுகிய மேல்குழாயான கழுத்துக்கு 5 முதல் 6 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் வையுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): அக்ரிலிக் குழாய் கிடைக்கவில்லை. பிவிசி குழாயிலேயே செய்யலாமா?

பதில்: உடலைத் தாராளமாக பிவிசியில் செய்யலாம். ஆனால் கழுத்தும் கோப்பையும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் இருக்கட்டும்; நுரை எந்த உயரத்தில் உடைகிறது, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் ஸ்கிம்மரைச் சரிசெய்ய முடியாது. அக்ரிலிக் வாங்கும்போது அது வார்ப்பு அக்ரிலிக்கா என்று கேளுங்கள். இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த குழாய் மலிவு. ஆனால் அறுக்கும்போது உருகி ரம்பத்தில் ஒட்டும், கரைப்பான் பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். குழாய்ச் சுவர் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடித்தகடு 6 மி.மீ. இருந்தால் நல்லது.

கேள்வி (கோயம்புத்தூர்): அடித்தகட்டை இரண்டு கலவை எபாக்சி பசையால் ஒட்டினேன். மூன்று மாதத்தில் ஒழுகத் தொடங்கிவிட்டது. எங்கே தவறு?

பதில்: தவறு பசை என்ற எண்ணத்திலேயே இருக்கிறது. எபாக்சி, அக்ரிலிக்கின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்திருக்குமே ஒழிய அதனோடு ஒன்றாகாது. பம்பின் அதிர்விலும் நீரின் எடையிலும் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். அக்ரிலிக்கை இணைப்பது கரைப்பான். பலகை எழுதுபவர்களுக்கு அக்ரிலிக் விற்கும் கடைகளில் சிறு பாட்டிலில் தருகிற, தண்ணீர் போல் ஓடும் திரவம் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாகக் கலக்கச் செய்து, பின் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே அக்ரிலிக்.

அதனால் இரு பரப்புகளும் இடைவெளியின்றிப் பொருந்துவதே முக்கியம். ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் 220 எண் நீர் உப்புத்தாளை விரித்து, குழாயின் அறுத்த முனையைச் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். முனை முழுவதும் ஒரே மாதிரி மங்கலாகும் வரை நிறுத்தாதீர்கள். பிறகு 400 எண் தாள். தீச்சுடர் காட்டி முனையைப் பளபளப்பாக்குவது கூடவே கூடாது. வெப்பம் பட்ட விளிம்பில் இறுக்கம் தங்கி, கரைப்பான் பட்டதும் வெடிக்கும்.

அடுத்து, அடித்தகட்டின் மேல் மெல்லிய குண்டூசிகள் நான்கை, தலை வெளியே தெரியும்படி வைத்து, அவற்றின் மேல் குழாயை நிறுத்துங்கள். மெல்லிய ஊசி பொருத்திய பாட்டிலால் அந்த இடுக்கில் கரைப்பானை விடுங்கள். அது தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடி, விளிம்பு முழுவதும் ஈரமாவது தெரியும். அரை நிமிடம் பொறுத்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினால், மென்மையாகிவிட்ட குழாய் தன் எடையிலேயே தகட்டில் அமர்ந்துவிடும். அழுத்தாதீர்கள்; அழுத்தினால் கரைந்த பொருள் பிதுங்கி இணைப்பு வறண்டுபோகும். நல்ல இணைப்பு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் காற்று சிக்கிய இடம். இரண்டு நாள் கழித்தே நீர் நிரப்பிச் சோதியுங்கள்.

இதை மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். இரண்டு திரவங்களின் ஆவியும் உடலுக்குத் தீங்கு. டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் இதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (மண்டபம்): காற்றுக்கு மரத்தாலான ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழிகளாக விடும் துளைக்கட்டை) நல்லதா, நீடில் வீல் பம்ப் (ஊசிகள் கொண்ட சக்கரத்தால் காற்றை நுண்குமிழிகளாக உடைக்கும் பம்ப்) நல்லதா?

பதில்: முதல் ஸ்கிம்மருக்கு மர ஏர் ஸ்டோனையே பரிந்துரைக்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய குமிழிகளை அது எளிதாகத் தரும். சில வாரங்களில் துளைகள் அடைபட்டுக் குமிழி பெருக்கும். ஏறத்தாழ மாதம் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் நீடில் வீல். சாதாரண பம்பின் இறக்கைகளை அகற்றி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் வலையை வட்டமாக வெட்டிக் கட்டியும் அதைச் செய்துகொள்ளலாம். ஆனால் வலை ஒரு பக்கம் கனத்தால் பம்ப் இரைச்சலிட்டு அச்சு தேய்ந்துவிடும். காற்றுக்குழாயைப் பம்ப் நீரை உறிஞ்சும் பக்கத்தில் பொருத்த வேண்டும், தள்ளும் பக்கத்தில் அன்று.

கேள்வி (மதுரை): புது ஸ்கிம்மர் ஐந்து நாளாக ஓடுகிறது. ஒரு நாள் நுரையே வருவதில்லை, மறுநாள் கோப்பை நிரம்பி வழிகிறது.

பதில்: முதல் பாதிக்குக் காரணம் புது அக்ரிலிக்கின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசை. ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அது தானே சரியாகும். வினிகர் கலந்த நீரை ஒரு நாள் அதில் ஓட விட்டால் விரைவாகச் சரியாகும். எண்ணெய் கலந்த தீனி போட்டாலோ, தொட்டிக்குள் கையை விட்டாலோ சில மணி நேரம் நுரை அமுங்குவதும் இயல்பே.

வழிவது வேறு சிக்கல். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியில்) ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம், நீர் ஆவியாவதாலும் நீங்கள் மொத்தமாக நன்னீர் ஊற்றுவதாலும் ஏறி இறங்குகிறது என்று நினைக்கிறேன். நம் ஊர் வெயிலில் இது பெரிய அளவிலேயே நடக்கும். ஒரு தடுப்புத் தகடு வைத்து அந்த அறையின் மட்டத்தை நிலைநிறுத்துங்கள். ஸ்கிம்மரிலிருந்து வெளியேறும் குழாயை மேல்நோக்கித் திருப்பி, உச்சியில் T வடிவக் குழாய் இணைப்பான ஒரு டீ வைத்து, அதன் மேல்வாயைத் திறந்தே விடுங்கள். அதை மூடினால் சைஃபன் பிடித்து உடலில் உள்ள நீரை இழுத்துவிடும். அந்த டீயின் உயரத்தைக் கூட்டினால் உள்ளே நீர்மட்டம் ஏறும், குறைத்தால் இறங்கும். மட்டம் கழுத்தின் அடியில் நிற்கும்படி வைத்து, அதன்பின் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஸ்கிம்மர் கறுப்பாக எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் நைட்ரேட் 40-லிருந்து இறங்கவில்லையே?

பதில்: கரைந்த நைட்ரேட் அயனியைக் குமிழி பற்றாது. நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே கரிமப் பொருளில் ஒரு பகுதியை வெளியேற்றுவதே ஸ்கிம்மரின் பணி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009-இல் வெளியிட்ட அளவீடுகளில், நல்ல ஸ்கிம்மர்களும் நீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டையே நீக்கின. ஆகவே தீனியைக் குறையுங்கள். வாரந்தோறும் நீர் மாற்றுவதைத் தொடருங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): ஏசி அறையில் இருக்கும் தொட்டியில் பிஎச் 7.8-க்கு மேல் ஏறுவதே இல்லை.

பதில்: ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். மூடிய அறையில் நம் மூச்சால் கூடிய கார்பன் டை ஆக்சைடைத்தான் அது இப்போது தொட்டிக்குள் கலக்கிறது.

கேள்வி (திருச்சி): மின்சாரம் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் தரை நனைகிறது.

பதில்: ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் காற்றுக்குழாய் வழியாக நீர் பின்னோக்கி வரும், ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டு, பம்பையும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது வழிவதற்குக் காரணம், மேல்தொட்டி நீர் சம்ப்பில் இறங்கி மட்டம் உயர்ந்திருப்பது. கோப்பையின் அடியில் ஒரு வடிகுழாய் பொருத்தி, அதைத் தனிக் கேனில் விடுங்கள். கேன் சம்ப்புக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி (புதுச்சேரி): கழுத்தைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்தேன். இப்போது சிலந்தி வலை போல் கோடுகள் தெரிகின்றன.

பதில்: அவ்வகைத் திரவங்களில் உள்ள அம்மோனியாவோ ஆல்கஹாலோ அக்ரிலிக்கை அப்படி வெடிக்கச் செய்யும். அந்தக் கோடுகள் மறையா. ஒழுகாத வரை பயன்படுத்தலாம். இனி வெந்நீர் வேண்டாம், உரசும் நாரும் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு முறை கழுத்தின் உட்புறத்தை மென்மையான பருத்தித் துணியால் வெறும் நீரில் துடையுங்கள். அங்கே பிசுக்கு படிந்திருந்தால் நுரை ஏறாது. பம்பிலும் காற்றுத் துளையிலும் படியும் சுண்ணத்துக்கு மாதம் ஒரு முறை வினிகரில் ஊறவைத்தால் போதும்.